உடைந்த வளையல் முதல் உருக்கிய பாசி வரை... கண்ணாடி மணி செய்யும் கலை சாத்தூரில் கைகூடுமா?

உடைந்த வளையல் துண்டை மெழுகுவத்தியில் காட்டி வளைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? முப்பது வயதைத் தாண்டிய பெண்களில் பலரும் 'ஆமாம்' என்பார்கள். துண்டின் நடுப்பகுதி சூடேறி இளகும். இரண்டு முனைகளும் மெல்ல நெருங்கி வரும். அதற்குள் அடுத்த துண்டை மாட்டிவிட்டால் ஒரு கண்ணி தயார். இப்படியே கோத்துக்கொண்டு போனால் வாசலில் தொங்கவிட வளையல் தோரணம். விரலைச் சுட்டுக்கொண்டு அம்மாவிடம் திட்டு வாங்கியதும் அந்த விளையாட்டில் சேர்த்திதான்.

அந்தப் பிள்ளைகள் அறியாமலே செய்தது ஒரு பழைய கைவினையின் முதல் பாடம். சுடரில் கண்ணாடியை இளக்கி உருவம் கொடுப்பதை வெளிநாடுகளில் 'லாம்ப்வொர்க்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரில் துருத்தியால் காற்றை ஊதி வேலை செய்ததால் வந்த பெயர் அது. இன்று விளக்கின் இடத்தில் எரிவாயு பர்னர். இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் பல தலைமுறைகளாக நடக்கும் மணித் தொழில் இதை நம்பியதுதான். இத்தாலியும் பிரான்ஸும் சேர்ந்து விண்ணப்பித்து, கண்ணாடி மணி செய்யும் கலையை 2020-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டன. ஜப்பானில் 'தொம்போதாமா' என்ற பெயரில் இதே வேலையைப் பொழுதுபோக்காகக் கற்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே சங்கம் இருக்கிறது.

சாத்தூரில் இருப்பவர்களுக்கு வெனிஸ் எதற்கு? பேருந்து ஏறி மேற்கே வெம்பக்கோட்டைக்குப் போனாலே போதும்.

மேட்டுக்காட்டில் கிடைத்த பாசி

சாத்தூர் என்றதும் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும் நினைவுக்கு வரும். கொஞ்சம் மூத்தவர்களுக்குப் பேனா நிப்பும் ஞாபகம் வரும். ஊரை ஒட்டி ஓடும் வைப்பாற்றின் கரையோடு மேல்நோக்கிப் போனால் வெம்பக்கோட்டை. அங்கே விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இரண்டாம் கட்டம், 2024 ஜூனில் மூன்றாம் கட்டம் எனத் தோண்டத் தோண்ட ஆயிரக்கணக்கில் பொருட்கள் வெளிவந்தன. சங்கு வளையல்கள், சுடுமண் பொம்மைகள், யானைத் தந்தத்தில் செய்த பகடை, தங்க அணிகலன் என்று செய்திகளில் அவ்வப்போது படம் வந்திருக்கும். அந்தப் படங்களில் பெரும்பாலோர் தாண்டிப் போயிருக்கக்கூடிய ஒன்று, வண்ண வண்ணமாகக் கண்ணாடி மணிகள். ஊர்ப் பேச்சில் சொன்னால், பாசி.

தமிழ்நாட்டில் வெம்பக்கோட்டை மட்டுமே இதில் தனியாக நிற்கவில்லை. கீழடியில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. பழநி அருகே பொருந்தலில் பேராசிரியர் கா.ராஜன் நடத்திய அகழாய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள் கிடைத்தன. புதுச்சேரி அருகே அரிக்கமேடு இந்த விஷயத்தில் உலகப் புகழ் பெற்ற இடம். மார்ட்டிமர் வீலர் 1945-ல் அங்கே தோண்டினார். பிற்பாடு மணிகளை மட்டுமே ஆராய்வதற்காக வாழ்நாளைச் செலவிட்ட பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர், இந்தச் சின்னஞ்சிறு ஒற்றை நிற மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். காரணம், இதே வகை மணி ஒருபக்கம் ஆப்பிரிக்கக் கரையிலும் மறுபக்கம் கொரியா வரையிலும் கிடைக்கிறது. இலங்கையின் மாந்தை, தாய்லாந்து, வியட்நாம், மலேசியா என்று வழிநெடுக இவற்றைச் செய்த பட்டறைகளும் இருந்திருக்கின்றன.

மிளகு விதையைவிடச் சிறிய ஒரு மணிக்கு இத்தனை தூரப் பயணம். செம்பழுப்பு, நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு என்று நிறங்கள். இதில் சுவையான சங்கதி ஒன்று உண்டு. செம்புதான் நீலப்பச்சையையும் கொடுக்கும், செங்கல் நிறச் சிவப்பையும் கொடுக்கும். உலைக்குள் காற்று தாராளமாக இருந்தால் நீலப்பச்சை, காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் சிவப்பு. அந்தச் சிவப்பு மணியைச் செய்தவருக்குத் தீயின் மூச்சு கைவசப்பட்டிருந்தது என்று அர்த்தம்.

ஒரு கிராமம் காப்பாற்றிய ரகசியம்

இவ்வளவு சிறிய மணியில் துளையை எப்படிப் போட்டார்கள்? யாரும் துளைக்கவில்லை என்பதுதான் பதில். துளையோடுதான் மணியே பிறந்தது.

இந்த முறையைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்ய ஆய்வாளர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆந்திராவில் திருப்பதிக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் பக்கத்தில் உள்ள பாப்பாநாயுடுபேட்டை. உருகிய கண்ணாடியை 'லாடா' என்ற நீண்ட இரும்புக் குழாயின் முனையில் திரட்டி, கூம்பாக உருட்டி, நடுவில் துளை விழும்படி செய்து உலைக்குள் வைப்பார்கள். உலையின் எதிர்ப்பக்கம் நிற்பவர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பிடித்து இழுப்பார். நூல் போல ஒரு கண்ணாடிக் குழல் வெளியே வரும். நடுவிலிருக்கும் துளையும் கூடவே நீண்டுகொண்டு வரும். கை மாற்றிக் கை மாற்றி, ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் கூடினால் குழல் மெலியும், குறைந்தால் தடிக்கும். அளவுகோல் எதுவும் கிடையாது, கைதான் கணக்கு.

அந்தக் குழல்களை உடைத்துக் கட்டாகக் கட்டி, கூரான இரும்பின் மேல் வைத்துப் பெண்கள் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். நறுக்கிய துண்டுகளின் விளிம்பு கூராக இருக்கும். சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்கிக் கிளறினால் விளிம்பு மழுங்கி உருண்டை வரும். சாம்பல் துளைக்குள் புகுந்துகொள்வதால் துளை மூடாது. மணிகளும் ஒன்றோடொன்று ஒட்டாது. சாம்பலைச் சலித்தால் பாசி.

இது ஒரு ஆள் செய்யும் வேலை கிடையாது. உலை, இழுப்பவர், நறுக்குபவர், கோப்பவர் என்று ஒரு தெருவே வேண்டும். ஆகவே பொழுதுபோக்காகக் கற்பவர்கள் இன்னொரு வழியில் போகிறார்கள். கம்பியில் சுற்றிச் செய்வது.

பாகு பதம் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது

வேலை மேசையில் ஒரு பர்னர் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். கையில் இரண்டு பொருட்கள். வலக்கையில் பென்சில் கனமுள்ள வண்ணக் கண்ணாடிக் குச்சி, இடக்கையில் எவர்சில்வர் கம்பி. கம்பியின் முனையில் களிமண் கலந்த பூச்சு பூசிக் காயவைத்திருப்பார்கள். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் கண்ணாடி கம்பியோடு ஒட்டிக்கொண்டு, மணியைக் கழற்றவே முடியாது. பூச்சின் மேல்தான் மணி உட்காரும், கம்பி இருந்த இடம் பிறகு துளையாகும்.

குச்சியின் நுனியைச் சுடரில் மெல்ல மெல்லக் காட்ட வேண்டும். சட்டென்று நடுத் தீயில் நீட்டினால் 'டிக்' என்று தெறிக்கும், துண்டு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. நுனி சிவந்து, பிறகு ஆரஞ்சாகி, சொட்டப்போகும் தேன் போல ஒரு குமிழாகத் திரளும்போது அதைக் கம்பியில் தொட்டு, கம்பியைச் சுழற்றினால் கண்ணாடி சுற்றிக்கொள்ளும். அதன் பிறகு சுழற்றுவதை நிறுத்தவே கூடாது. நிறுத்திய நொடியில் இளகிய கண்ணாடி கீழ்ப்பக்கம் தொங்கிவிடும். சுழன்றுகொண்டே இருந்தால் மணி தானாக உருண்டையாகும்.

அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கொஞ்சம் முந்தினாலும் கெடும், பிந்தினாலும் கெடும். தெர்மாமீட்டரை யாரும் பார்ப்பதில்லை, பதத்தைக் கண்ணும் கையும்தான் சொல்லும். முதல் பத்து மணிகள் கோணலாக வருவது வழக்கம். ஒருபக்கம் வீங்கி, இன்னொரு பக்கம் கூராக, பார்த்தால் உடைந்த பல் மாதிரி இருக்கும். யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு தொல்லை உண்டு. கண்ணாடியில் உள்ள சோடியம் சூடானதும் பளீரென்று மஞ்சள் வெளிச்சம் கொடுக்கும். அந்தக் கூச்சத்தில் மணி கண்ணுக்கே தெரியாது. இதற்கென்றே 'டிடிமியம்' என்ற ஊதா சாயல் கண்ணாடி போட்ட கண்ணாடி அணிகிறார்கள். அதை அணிந்ததும் மஞ்சள் மறைந்து மணி மட்டும் தெளிவாகத் தெரியும். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது.

உடைவது தீயில் இல்லை, ஆறும்போது

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். மணி அழகாக வந்துவிடும். புகைப்படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். ராத்திரி படுக்கும்போது மேசையிலிருந்து ஒரு சத்தம். காலையில் பார்த்தால் மணி இரண்டாகப் பிளந்து கிடக்கும்.

கண்ணாடியின் வெளிப்புறம் முதலில் ஆறி இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பது இன்னும் சூடாக இருக்கிறது. அது பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது வெளித்தோல் விட்டுக்கொடுக்காது. இந்த இழுபறி மணிக்குள்ளேயே தங்கிவிடும். அன்றே உடையலாம், ஒரு மாதம் கழித்து மாலையில் கோத்துக் கழுத்தில் போட்ட பிறகும் உடையலாம். சுடச்சுடக் காபி இருந்த கண்ணாடி டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் விரிசல் விடுவதும் இதே கதைதான்.

மருந்து ஒன்றே. மணியை மின்சாரச் சூளையில் சுமார் 500 டிகிரி செல்சியஸில் சற்று நேரம் வைத்து, அதன் பிறகு மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிடுவது. சூளை வாங்காதவர்கள் சூடு தாங்கும் பஞ்சு விரிப்புக்குள் மணியைப் பொதிந்து வைக்கிறார்கள். சிறிய மணிகள் அதில் பிழைத்துவிடும். ஆனாலும் அது சூளைக்கு ஈடாகாது, யாருக்காவது விற்கவோ பரிசளிக்கவோ செய்யும் மணியை அப்படி நம்பிவிடக் கூடாது. பழைய பாசிகள் அவ்வளவு சிறியதாக இருந்தது இந்த விதத்திலும் உதவியிருக்கிறது. அளவு சிறிதானால் உள்ளும் புறமும் ஏறக்குறையச் சேர்ந்தே ஆறிவிடும்.

கண்ணாடியில் ஜாதி வேறு உண்டு! ஒவ்வொரு வகைக் கண்ணாடியும் சூட்டில் ஒவ்வொரு அளவு விரியும். பியூஸ் போன பாட்டில் துண்டையும் கடையில் வாங்கிய வண்ணக் குச்சியையும் ஒரே மணியில் சேர்த்தால், ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றொன்று குறைவாகச் சுருங்கும், மணி வெடிக்கும். ஆய்வகக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடி குறைவாக விரிவது, சாதாரண சோடாக் கண்ணாடி அதிகம் விரிவது. இரண்டையும் கலக்கவே கூடாது. பாட்டிலில் பழக நினைத்தால் ஒரு மணிக்கு ஒரே பாட்டில்.

கந்தக பூமியில் ஒரு பர்னர்

இதுவரை படித்ததும் 'செய்து பார்க்கலாமே' என்று கை பரபரக்கும். வேறு ஊராக இருந்தால் கட்டுரை நேரே பொருட்களின் பட்டியலுக்குப் போய்விடலாம். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் அப்படிப் போக முடியாது.

இங்கே எந்தத் தெருவிலும் ஒருவராவது பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ வேலைக்குப் போகிறவராக இருப்பார். வேலை முடிந்து வரும் உடுப்பில் மருந்துத் தூசி ஒட்டியிருக்கலாம். சில வீடுகளில் காகிதக் குழாய் சுற்றுவார்கள், பெட்டி ஒட்டுவார்கள். மூலையில் காகிதக் கட்டு அடுக்கியிருக்கும். விதிகளை மீறி வீட்டுக்குள் திரியோ மருந்தோ வைத்துப் பறிபோன உயிர்களின் கதை இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. அப்படிப்பட்ட வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, அதே காம்பவுண்டிலோ பர்னர் பற்றவைக்கும் பேச்சே கூடாது. 'ஒரு ஓரமா வச்சுக்கிடுதேன்' என்பதெல்லாம் இதில் செல்லாது.

இந்த வேலையின் பாதி ஒழுக்கம் இந்த ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆலைக்குள் நைலான் உடுப்பு கூடாது, பருத்திதான். பர்னர் முன்னாலும் அதே விதி. நைலக்ஸ் புடவை, காற்றில் பறக்கும் துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் மூன்றும் ஆகாது. மேசை மேல் மரமோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் தகரம் அல்லது ஓடு. கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், ஒரு வாளி மணல். காற்றோட்டம் வேண்டும், அதற்காகச் சுடரை அலைக்கழிக்கும் மின்விசிறியின் கீழே உட்காரவும் கூடாது.

இன்னொன்று, சமையலறைச் சிலிண்டர். 14.2 கிலோ வீட்டு உபயோக சிலிண்டரைச் சமையலைத் தவிர வேறு வேலைக்குப் பயன்படுத்துவது விதிப்படி தவறு. யூடியூபில் யாரோ அடுப்பின் ரப்பர் குழாயைக் கழற்றி பர்னரில் மாட்டுவதைப் பார்த்து அதேபோலச் செய்வது ஆபத்து. பட்டறை வேலைக்கு வணிக சிலிண்டர், அதற்குரிய ரெகுலேட்டர், தீ பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் வால்வு எல்லாம் தனி. பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தராமல் முதல் முறை பற்றவைக்கவே கூடாது. அப்படிப் பழகியவர்கள் எங்கே இருப்பார்கள்? ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற பெரிய கல்வி நிறுவனங்களில் ஆய்வகக் கருவிகளுக்காகக் கண்ணாடி ஊதும் பிரிவுகள் உண்டு. வேலை வேறு, சுடர் ஒன்றுதான். வட இந்தியாவில் வளையலுக்குப் பேர்போன பிரோசாபாத்தில் கண்ணாடித் தொழிலுக்கென்றே அரசு மேம்பாட்டு மையம் இயங்குகிறது.

சுடர் இல்லாமலும் வழி இருக்கிறது

பர்னருக்கு இடமில்லாத வீட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு யோசனை. கானா நாட்டின் குரோபோ மக்கள் பழைய பாட்டில்களை இடித்துத் தூளாக்கி, களிமண் அச்சுகளின் குழிகளில் நிரப்புகிறார்கள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலையின் காம்பை நட்டுவைப்பார்கள். அச்சைச் சூளைக்குள் வைத்தால் தூள் உருகி ஒன்றுசேரும், காம்பு எரிந்துபோய் அந்த இடம் துளையாகும். நம் ஊரில் மரவள்ளிக்கும் பஞ்சமில்லை, களிமண்ணுக்கும் பஞ்சமில்லை, காலி பாட்டிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

இதிலும் கவனம் தேவை. கண்ணாடித் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும். ஈரத் துணிக்குள் வைத்து இடிப்பது, முகக்கவசம் போடுவது, தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது மூன்றும் கட்டாயம். சிறுபிள்ளைகள் இருக்கும் நேரத்தில் இடிக்க வேண்டாம். சூளை மின்சாரத்தில் ஓடினாலும் உள்ளே இருப்பது செந்தணல்தான். மருந்தும் காகிதமும் இருக்கும் வீட்டுக்கு அதுவும் ஆகாது. பள்ளி, கல்லூரிகளில் மண்பாண்டம் சுடும் சிறு சூளை இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து அதைக் கேட்டுப் பெறலாம். தனியாக வாங்குவதைவிட அது புத்திசாலித்தனம்.

'இதில் சம்பாதிக்க முடியுமா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். எந்திரத்தில் வார்த்த மணிகள் கிலோ கணக்கில் மலிவாக வந்து இறங்குகின்றன. விலையில் அவற்றோடு போட்டி போட்டால் தோற்பது உறுதி. கையால் செய்த மணிக்கு அதற்கென்று ஆள் தேட வேண்டும், அதற்கு வருடங்கள் பிடிக்கும். முதல் வருடத்தில் வரவைவிடச் செலவுதான் இருக்கும் என்று தெரிந்தே இறங்குவது நல்லது.

பாட்டியின் மாலையை எடுத்துப் பாருங்கள்

நெருப்பே வேண்டாம் என்பவர்கள் இன்றே தொடங்க ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் பழைய கருகமணியோ, பாசி மாலையோ, இருக்கன்குடி திருவிழாக் கடையில் எப்போதோ வாங்கிய மணியோ பெட்டிக்குள் கிடக்கும். ஒளி ஊடுருவும் மணியாகப் பார்த்து எடுத்து, செல்போன் டார்ச்சுக்கு நேரே பிடித்து, ஒரு பூதக்கண்ணாடியால் உள்ளே பாருங்கள். சிறு காற்றுக் குமிழிகளும் கோடுகளும் தெரியும். அவை துளைக்கு இணையாக, நீளவாக்கில் ஓடினால் அது குழலாக இழுத்து நறுக்கிய மணி. துளையைச் சுற்றிச் சுற்றி வட்டமாக ஓடினால் கம்பியில் சுற்றிய மணி. இரண்டும் இல்லாமல் பக்கவாட்டில் ஒரு தையல் கோடு தெரிந்தால் அச்சில் அழுத்தியது.

மழைக்குப் பிறகு கரிசல் காட்டில் இப்படி ஒரு பாசி தட்டுப்பட்டால் மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கிடந்த இடத்தைப் படம் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால், ஆய்வாளருக்கு அந்த மணி பேன்ஸி ஸ்டோர் மணியைவிட அதிகம் எதையும் சொல்லாது.